ஜேக்கப் சாண்டி

ஜேக்கப் சாண்டி (சனவரி 23, 1910 – சூன் 23, 2007) இந்தியாவின் முதல் நரம்பறுவை மருத்துவர் ஆவார். 1949ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல், நரம்பறுவைத் துறையைத் தொடங்கியவர் இவரே. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய்க்கு 1952இல் வேலூரில் இவர் செய்த அறுவை மருத்துவம், இந்தியாவில் அவ்வகையில் முதலாவதாகும். வலிப்பு மூளையின் எப்பகுதியில் தொடங்குகிறது என்பதை ஆராய்ந்து நோயை அறியும் முறையைக் கனடாவில் பயின்று தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தார். இந்திய அரசு 1964இல் இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது.

இளமையும் கல்வியும்

ஜேக்கப் சாண்டி அன்றைய திருவிதாங்கூர் அரசுக்குட்பட்ட கோட்டயத்தில் ஒரு சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்புக்குப் பின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவம் பயின்றார். அவர் மாணவராக இருந்த 1930களில் இந்திய மருத்துவக் கல்லூரிகள் எதிலும் நரம்பியல் தனித்துறையாக இருக்கவில்லை. மூளை, தண்டுவட நோய்களைப் பொது மருத்துவர்களே கவனித்தனர். மண்டையோட்டைத் திறக்க நேர்ந்தால் பொது அறுவை மருத்துவர்களே அதனைச் செய்தனர். வலிப்பு நோயாளிகளில் ஒரு பகுதியினர் மனநோய் விடுதிகளில் வைக்கப்பட்டிருந்தனர்.

வலிப்பு நோய்க்கு அக்காலத்தில் இருந்த மருந்துகளும் மிகச் சிலவே. 1857இல் அறிமுகமான புரோமைடு உப்புகளும் 1912இல் பயன்பாட்டுக்கு வந்த பீனோபார்பிட்டோனுமே பெரும்பாலும் வழங்கப்பட்டன. பெனிட்டாயின் என்னும் மருந்தின் பயன் 1938இல்தான் வெளியானது.

பகுரைனில் பணி

படிப்பை முடித்தபின் சாண்டி பாரசீக வளைகுடாவில் உள்ள பகுரைனில் அமெரிக்க மறைப்பணி மருத்துவமனையில் பணியாற்றினார். அம்மருத்துவமனையில் இருந்த பால் ஆரிசன், தற்கால நரம்பறுவை மருத்துவத்தின் முன்னோடியான ஆர்வி குசிங்கிடம் பயின்றவர். சாண்டியின் ஆர்வம் நரம்பறுவைப் பக்கம் திரும்புவதற்கு ஆரிசனின் தொடர்பே காரணமாயிற்று. 1944இல் சாண்டி ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பில் சேர்ந்தார்.

மொண்ட்ரியாலில் பயிற்சி

1945இல் சாண்டி கனடாவின் மொண்ட்ரியால் நரம்பியல் கழகத்தில் சேர்ந்து 1948 வரை வைல்டர் பென்பீல்டிடம் பயிற்சி பெற்றார். 1934இல் திறக்கப்பட்ட அக்கழகம் வலிப்பு நோய் ஆய்வில் அன்று உலகின் முதன்மையான இடமாக இருந்தது. நரம்பியல் மருத்துவர், அறுவை மருத்துவர், மூளை மின்னலை ஆய்வாளர், திசு நோயியலாளர், உளவியலாளர் ஆகியோர் அங்கு ஒரே கூரையின்கீழ் ஒரே நோயாளியைப் பற்றிக் கலந்து ஆய்ந்தனர். பின்னாளில் சாண்டி வேலூரில் உருவாக்கிய துறை இவ்வமைப்பைப் பின்பற்றியதே.

பென்பீல்டின் நோயறி முறை, ஆங்கிலேய மருத்துவர் சான் ஊலிங்சு சாக்சன் (1835–1911) வகுத்த கருத்தின் மீது எழுந்தது. வலிப்பு என்பது மூளைச் சாம்பல்நிறப் பகுதியின் ஓரிடத்தில் திடீரென மிகையாக ஏற்படும் மின்வெளியேற்றம் என்று சாக்சன் 1870களில் விளக்கினார். கட்டைவிரலில் தொடங்கும் துடிப்பு கை, முகம், கால் என ஒரு வரிசையில் பரவினால், அவ்வரிசை மூளைப் புறணியில் அவ்வுறுப்புகளை இயக்கும் பகுதிகள் அமைந்துள்ள வரிசையைக் காட்டுகிறது. எனவே வலிப்பின் முதல் அறிகுறி எதுவோ அதுவே அதன் பிறப்பிடத்தைச் சுட்டும்.

இக்கருத்தை மொண்ட்ரியாலில் மூன்று படிகளில் செயற்படுத்தினர்:

1. நோயாளியும் அவருடன் இருப்பவர்களும் சொல்வதைக் கொண்டு, வலிப்பு எவ்வாறு தொடங்குகிறது, அடுத்து என்ன நிகழ்கிறது என்பதை வரிசையாகப் பதிவு செய்தல்.
2. தலைமேல் மின்முனைகளைப் பொருத்தி மூளை மின்னலைகளை வரைதல். செருமானிய மருத்துவர் ஆன்சு பெர்கர் 1929இல் வெளியிட்ட இம்முறையை, எர்பர்ட்டு சாசுபர் 1930களின் இறுதியில் மொண்ட்ரியாலில் நிலைநிறுத்தினார்.
3. அறுவையின்போது உச்சந்தலைத் தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கையில் மூளைப் புறணியை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டுதல். மூளைக்கு வலியுணர்வு இல்லாததால் இது இயல்வதாயிற்று. பேச்சுக்கும் கை, கால் இயக்கத்துக்கும் உரிய இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைத் தவிர்த்து வலிப்பு தோன்றும் பகுதியை மட்டும் நீக்கினர்.

மொண்ட்ரியாலுக்குப் பின் சாண்டி 1948இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் தியோடர் இராசுமுசனுடன் பணியாற்றினார். குழந்தைகளுக்கு மூளையின் ஒரு பாதியை மட்டும் தாக்கி இடைவிடாத வலிப்பை உண்டாக்கும் அரிய அழற்சி நோயை 1958இல் விவரித்தவர் இராசுமுசன். அந்நோய் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

வேலூரில் நரம்பியல் துறை

ஐடா சுகடர் நிறுவிய வேலூர் மருத்துவமனை 1940களில் முழுமையான மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து வந்தது. அதன் பொறுப்பில் இருந்த தொழுநோய் வல்லுநர் இராபர்ட்டு காக்ரேன் விடுத்த அழைப்பை ஏற்று, சாண்டி 1949இல் வேலூருக்கு வந்தார். அப்போது கல்லூரியின் இயக்குநராக இல்டா இலாசரசு இருந்தார்.

தொடக்கத்தில் துறை மிகச் சிறியதாக இருந்தது. சாண்டிக்குத் துணையாக நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங் வந்து சேர்ந்தார். சிக்காகோவில் வலிப்பு நோய் ஆய்வாளர் கிப்சிடம் பயின்ற அவர், மூளை மின்னலை வரைவில் தேர்ந்தவர். நோயாளியின் வரலாற்றை எழுதுவதிலும் மின்னலை வரைவைப் படிப்பதிலும் பல்தேவ் சிங்கும், அறுவையில் சாண்டியும் ஈடுபட, மொண்ட்ரியாலின் கூட்டுமுறை வேலூரில் வேரூன்றியது.

சி.டி. ஸ்கேன் 1970களிலும் எம்.ஆர்.ஐ. 1980களிலுமே உலகில் பயன்பாட்டுக்கு வந்தன. ஆகவே சாண்டியின் காலத்தில் மூளைத் திசுவை நேரடியாகப் படமெடுக்க வழியில்லை. மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எடுக்கும் ஊடுகதிர்ப் படமும் இரத்தக் குழாய்களுக்குள் நிறமியைச் செலுத்தி எடுக்கும் படமுமே இருந்தன. இவை மூளையின் உருமாற்றத்தை மறைமுகமாகக் காட்டின. இதனால் நோயாளி சொல்லும் வரலாறும் உடற்சோதனையும் மின்னலை வரைவும் நோயறிதலில் முதன்மை இடம் பெற்றன.

வழக்கத்துக்கு மாறான வலிப்புகள்

வலிப்பு என்றவுடன் கீழே விழுதல், கை கால் வெட்டி இழுத்தல், வாயில் நுரை தள்ளுதல் ஆகியவையே பொதுமக்கள் நினைவுக்கு வருகின்றன. காக்காய் வலிப்பு என்று வழங்கப்படுவது இதுவே. ஆனால் மூளையின் எப்பகுதியில் மின்வெளியேற்றம் நிகழ்கிறதோ அதற்கேற்ப வலிப்பின் தோற்றம் மாறுபடும். சாண்டி பயின்ற மரபில் விரிவாக ஆராயப்பட்ட வகைகளுள் சில வருமாறு:

* பொட்டு மடல் வலிப்பு: நெற்றிப்பொட்டின் உட்புறம் அமைந்த மூளை மடலில் தோன்றுவது. காரணமற்ற அச்சம், இல்லாத நாற்றத்தை முகர்தல், முன்பே நிகழ்ந்தது மீண்டும் நிகழ்வது போன்ற உணர்வு, வயிற்றிலிருந்து எழும்பும் ஒருவகைக் கலக்கம் ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள். பின்னர் நோயாளி வெறித்துப் பார்ப்பார். வாயைச் சப்புவார், ஆடையைப் பிசைவார், சில வேளைகளில் நடக்கவும் செய்வார். தெளிந்தபின் எதுவும் நினைவிருக்காது.
* பின்மண்டை மடல் வலிப்பு: கண்முன் வண்ணப் பொட்டுகளும் ஒளிச் சுடர்களும் தோன்றும். ஒற்றைத் தலைவலியுடன் மயங்கத்தக்கது.
* முன்மடல் வலிப்பு: பெரும்பாலும் உறக்கத்தில் வரும். கைகால்களை வீசுதலும் கூச்சலிடுதலும் சில நொடிகளே நீடிக்கும். கனவு அச்சம் என்றோ நடிப்பு என்றோ தவறாகக் கருதப்படுவதுண்டு.
* தன்னியக்க நரம்பு வலிப்பு: முகம் சிவத்தல், வியர்த்தல், மயிர்க்கூச்செறிதல், இதயத்துடிப்பு மாறுதல் ஆகியவை திடீரெனத் தோன்றி மறையும். இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றிப் பென்பீல்டு 1929இல் எழுதினார்.
* சிரிப்பு வலிப்பு: மகிழ்ச்சி ஏதுமின்றித் திடீரெனச் சிரிக்கும் வகை. ஐப்போதலாமசுப் பகுதியில் பிறவியிலேயே அமைந்த சிறு கட்டியால் குழந்தைகளுக்கு வருவதுண்டு.

இவ்வகை நோயாளிகள் பேய் பிடித்தவர் என்றோ மனநோயாளி என்றோ கருதப்பட்டு மந்திரவாதிகளிடமும் மனநோய் விடுதிகளுக்கும் அனுப்பப்படுவது இந்தியாவில் வழக்கமாக இருந்தது. நோயின் பிறப்பிடம் மூளையில் இன்ன இடம் என்று காட்ட முடிந்தபோது, நோயாளியின் மீதிருந்த பழி நீங்குவதற்கும் உரிய மருந்தைத் தெரிவு செய்வதற்கும் வழி பிறந்தது. மாறாக, மனநெருக்கடியால் உண்டாகும் வலிப்பு போன்ற நிலைகளும் உள்ளன. அவற்றில் மின்னலை மாற்றம் இராது, வலிப்பு மருந்தும் பயன் தராது. இரண்டையும் பிரித்தறிவது மருத்துவருக்கு எப்போதும் கடினமான பணியாகும். இரு மின்வெளியேற்றங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் எடுக்கப்படும் மின்னலை வரைவு இயல்பாகத் தோன்றலாம் என்பதால், இயல்பான ஒரு வரைவை மட்டும் கொண்டு வலிப்பு நோய் இல்லையென்று முடிவு செய்ய இயலாது.

1952 அறுவை மருத்துவம்

1952 ஆகத்து 25 அன்று சாண்டி வேலூரில் 19 அகவை இளைஞர் ஒருவருக்கு வலிப்பு நோய்க்கான அறுவை மருத்துவம் செய்தார். அந்நோயாளிக்குக் குழந்தைப் பருவத்திலேயே உடலின் வலப்பக்கம் செயலிழந்திருந்தது. அத்துடன் மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பும் இருந்தது. இந்தியாவில் வலிப்பு நோய்க்கெனச் செய்யப்பட்ட முதல் அறுவையாக இது பதிவாகியுள்ளது.

குழந்தைப்பருவ ஒருபக்க வாதத்தில், பிறப்பின்போதோ அதற்குச் சற்று முன்பின்னோ மூளையின் ஒரு பாதி பழுதடைகிறது. மூளையின் இடப் பாதி உடலின் வலப் பக்கத்தை இயக்குவதால், வலப்பக்க வாதம் இடப் பாதியின் பழுதைக் காட்டும். பழுதுற்ற பகுதி தன் இயல்பான வேலையைச் செய்யாவிடினும் மின்வெளியேற்றத்தை மட்டும் ஓயாமல் எழுப்பி, நலமான பாதியையும் தொல்லைப்படுத்துகிறது. குழந்தையின் மூளை வளரும் பருவத்தில் இருப்பதால், பேச்சு முதலான பணிகளை மற்றப் பாதி பெரும்பாலும் ஏற்றுக்கொண்டிருக்கும். எனவே பழுதுற்ற புறணியை நீக்குவதால் புதிய இழப்பு குறைவாகவே நேரும்.

தென்னாப்பிரிக்க அறுவை மருத்துவர் கிரைனோ, இத்தகைய குழந்தைகள் 12 பேருக்குப் பழுதுற்ற மூளைப் பாதியை நீக்கிய விளைவுகளை 1950இல்தான் வெளியிட்டிருந்தார். துறை தொடங்கி மூன்றே ஆண்டுகளில், ஸ்கேன் வசதி எதுவுமின்றி, அன்றைய உலக மருத்துவத்தின் முன்னணிச் சிக்கல் ஒன்றை வேலூர் கையாண்டது என்பது குறிப்பிடத்தக்கது.

பயிற்சியும் அமைப்புகளும்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. இராமமூர்த்தி 1950இல் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கினார். இவரும் மொண்ட்ரியாலில் பென்பீல்டிடம் சிறிது காலம் பயின்றவர். இதனால் நாட்டின் முதலிரு நரம்பறுவை மையங்களும் தமிழ்நாட்டிலேயே அமைந்தன. 1951இல் சாண்டி, இராமமூர்த்தி, பல்தேவ் சிங், எசு. தி. நரசிம்மன் ஆகிய நால்வரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். சாண்டி அதன் முதல் தலைவரானார்.

நரம்பறுவை கற்க இந்திய மருத்துவர்கள் வெளிநாடு செல்லவேண்டிய நிலையை மாற்றுவது சாண்டியின் நோக்கமாக இருந்தது. 1950களின் இறுதியில் வேலூரில் முறையான நரம்பறுவைப் பட்டமேற்படிப்பு தொடங்கப்பட்டது. பின்னர் நரம்பியலிலும் மேற்படிப்பு ஏற்பட்டது. அங்குப் பயின்றவர்கள் நாட்டின் பல பகுதிகளிலும் துறைகளைத் தொடங்கினர்.

இடைவெளியும் மீட்சியும்

வேலூரிலும் சென்னையிலும் தொடங்கிய வலிப்பு அறுவை மருத்துவம் அடுத்த பத்தாண்டுகளில் தொடர்ந்து வளரவில்லை. சென்னையில் இராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், தி. சு. கனகா ஆகியோர் மூளையின் ஆழ்பகுதிகளை முப்பரிமாண அளவீட்டால் அணுகும் அறுவையில் பெயர் பெற்றனர். எனினும் வலிப்புக்குரிய புறணியைக் கண்டறிந்து நீக்கும் முறை நாட்டில் ஏறத்தாழ நின்றுபோயிற்று. புதிய மருந்துகளின் வருகை, தலைக்காயம், கட்டி, காசநோய் முதலிய அவசர நோய்களின் பெருஞ்சுமை, பிறப்பிடத்தை ஐயமின்றிக் காட்டும் கருவிகள் இல்லாமை ஆகியவை இதற்குக் காரணங்கள் எனலாம்.

1995இல் திருவனந்தபுரம் சிறீ சித்திரைத் திருநாள் கழகத்திலும் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்திலும் முறையான வலிப்பு அறுவைத் திட்டங்கள் மீண்டும் தொடங்கின. எம்.ஆர்.ஐ. படமும் நாட்கணக்கில் நோயாளியைக் காணொளியுடன் பதிவு செய்யும் மின்னலை வரைவும் இப்போது கைகொடுத்தன. கருவிகள் மாறினாலும், வலிப்பின் முதல் அறிகுறி, மின்னலை, மூளையின் பழுது ஆகிய மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டினால் மட்டுமே அறுவை செய்யலாம் என்னும் நெறி சாண்டி கொணர்ந்த நெறியே ஆகும்.

வேலூர் மரபின் தொடர்ச்சி

சி.டி. ஸ்கேன் வந்தபின் இந்திய வலிப்பு நோயாளிகள் பலரின் மூளையில் ஒரே ஒரு சிறு வளையம் போன்ற புள்ளி காணப்பட்டது. காசநோய் மிகுந்த நாடாகையால் அது காசநோய்க் கட்டி எனக் கருதப்பட்டு, நோயாளிகளுக்குப் பல மாதங்கள் காசநோய் மருந்துகள் தரப்பட்டன. வேலூரில் வேதாந்தம் இராசசேகர் உள்ளிட்டோர் இப்புள்ளிகளிலிருந்து திசு எடுத்துச் சோதித்தனர். அவற்றுள் மிகப் பல பன்றி நாடாப்புழுவின் இளம்புழுக்களால் ஆனவை எனக் கண்டனர். அளவு 20 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருத்தல், மூளை அழுத்தம் உயராமை, செயலிழப்பு வளர்ந்து செல்லாமை முதலிய அடையாளங்களால், மண்டையைத் திறக்காமலேயே இளம்புழுக் கட்டியைக் காசநோய்க் கட்டியிலிருந்து பிரித்தறியலாம் என 1990களின் தொடக்கத்தில் வரையறுத்தனர். இதனால் தேவையற்ற அறுவையும் தேவையற்ற காசநோய் மருந்தும் தவிர்க்கப்பட்டன.

வேலூர்ப் பகுதியில் சுமார் 50,000 மக்களிடையே நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், நடப்பு வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இவ்விளம்புழுவே காரணம் எனத் தெரிந்தது. நாடாப்புழுவின் முட்டைகள் கழுவாத கை, காய்கறி, நீர் வழியாகவும் உடலுக்குள் செல்லும். ஆகவே இறைச்சி உண்ணாதவர்களுக்கும் இந்நோய் வரலாம். கழிப்பிட வசதியும் கைகழுவும் வழக்கமும் இதனைத் தடுக்கும்.

சட்டத்தில் வலிப்பு நோய்

வலிப்பு நோயை மனநோயுடன் சேர்த்து எண்ணும் போக்கு சட்டத்திலும் இடம்பெற்றிருந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக இந்து திருமணச் சட்டத்தில், திரும்பத் திரும்ப வரும் மனநோய்க்கும் வலிப்புக்கும் ஆளானவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் எனக் கூறப்பட்டது. 1999இல் வலிப்பு என்னும் சொல் இப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. வலிப்பு மூளையின் மின்வெளியேற்றத்தால் வருவது என்று வேலூரில் நோயறியத் தொடங்கி அரை நூற்றாண்டு கழிந்தபின்னரே சட்டத்தில் இம்மாற்றம் நிகழ்ந்தது.

ஓய்வும் மறைவும்

சாண்டி 1970இல் வேலூர்ப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். தம் வாழ்க்கை நினைவுகளை 1988இல் நூலாக வெளியிட்டார். 2007 சூன் 23 அன்று தமது 97ஆம் அகவையில் காலமானார்.

சிறப்புகள்

* இந்தியாவின் முதல் நரம்பறுவை மருத்துவர்
* நாட்டின் முதல் நரம்பியல், நரம்பறுவைத் துறையின் நிறுவனர் – 1949
* இந்திய நரம்பியல் கழகத்தின் முதல் தலைவர் – 1951
* இந்தியாவின் முதல் வலிப்பு நோய் அறுவை மருத்துவம் – 1952
* பத்ம பூசண் – 1964

இவற்றையும் பார்க்க

* வலிப்பு நோய்
* மூளை மின்னலை வரைவு
* வைல்டர் பென்பீல்டு
* பா. இராமமூர்த்தி
* கிறித்தவ மருத்துவக் கல்லூரி, வேலூர்